ஹாரி ரைட்

கல்வியாற் புகழ் பெற்றோர், கொடையாற் புகழ் பெற்றோர், போர்த்திறத்தாற் புகழ் பெற்றோர் ஆகியோருடைய சரித்திரங்களை நாம் பலகாற் படித்திருக்கின்றோம். விளையாட்டையே வாழ்நாட் டொழிலாகக் கொண்டு, அத்தொழிலுக்கு நன்மதிப்பைத் தேடித்தந்த ஒருவருடைய சரித்திரமோ நம்மவர்க்கு அத்துணைப் பழக்கமானதன்று. அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தை வெளிப்படையான தொழிலாக நடத்திய முதற் கழகத்தின் தலைவராக விளங்கிய ஹாரி ரைட் என்பாருடைய வரலாற்றையும், அவர் வளர்த்த கழகத்தின் வரலாற்றையும் ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பாம். பொருளுக்காக ஆடுபவன் நேர்மையாக ஆடுவானா என்னும் ஐயம் அவர் காலத்து மக்களை வருத்திற்று. அவ்வையத்திற்கு அவர் வாழ்க்கையே விடையாயிற்று.

பிறப்பும் இளமையும்

ஹாரி ரைட் 1835-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து ஷெபீல்டு நகரத்திற் பிறந்தார். அவர் குழந்தைப் பருவத்தினராயிருக்கையிலேயே பெற்றோர் அமெரிக்கா சென்று குடியேறினர். தந்தையாராகிய சாமுவேல் ரைட் கிரிக்கெட் ஆட்டத்தில் வல்லவர். நியூயார்க் நகரத்துச் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கழகத்தில் சம்பளம் பெற்று ஆடியும் பயிற்றியும் வந்தார். மைந்தரும் நகைவேலை பழகியதோடு, தந்தையாரிடம் கிரிக்கெட்டையும் கற்றுத் தேர்ந்தார். 1858-ஆம் ஆண்டில் நிக்கர்பாக்கர் என்னும் பழமையான பேஸ்பால் கழகத்திற் சேர்ந்தார்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டிற்கு உறவினதாகிய ஓர் ஆட்டம். சதுரமாக அமைந்த ஆடுகளத்தின் நான்கு மூலைகளிலும் பேஸ் எனப்படும் நிலைகள் இருக்கும். ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் இடைத்தூரம் 90 அடி. கட்சிக்கு ஒன்பதின்மர் ஆடுவர். மட்டை பிடித்தவன் பந்தை அடித்துவிட்டு ஓடி, மற்ற மூன்று நிலைகளையும் கடந்து, தொடங்கிய இடத்தை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம் கணக்காகும். ஒரு கட்சியில் மூவர் ஆட்டமிழந்தால் மறு கட்சி மட்டை பிடிக்கும். இங்ஙனம் இரு கட்சியாரும் ஒருமுறை ஆடி முடிப்பது ஓர் இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது ஓர் ஆட்டம்.

சின்சினாட்டியிற் செய்த புதுமை

1865-ஆம் ஆண்டில் ஒஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரத்திலுள்ள கிரிக்கெட் கழகத்தார் ஹாரி ரைட்டைத் தம் பயிற்சியாளராக வரவழைத்தனர். அங்கே சில ஆண்டுகளுள் மக்களின் மனம் கிரிக்கெட்டை விட்டுப் பேஸ்பாலிற் சென்றது. அவரும் அதன் வழியே சென்று, 1866-இல் தோன்றிய பேஸ்பால் கழகத்திற்குத் தலைமை ஆட்டக்காரரானார். அக்கழகத்தினர் முழங்காலளவு நின்ற காற்சட்டையும் சிவந்த காலுறையும் அணிந்து ஆடியமையால், சிவப்புக் காலுறையார் என்னும் பெயர் அவர்க்கு நிலைத்தது.

அக்காலத்தில் பேஸ்பால் கனவான்களின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. ஆடுவோர் பணம் பெறுதல் விதிக்கு மாறானது. ஆயினும் வெற்றியை விரும்பிய கழகங்கள் பல, திறமையுடையோர்க்கு மறைவிற் பணங்கொடுத்தோ, வேலை செய்யாமலே சம்பளம் வரும் உத்தியோகங்களை அளித்தோ அவர்களை ஈர்த்துவந்தன. வெளியே ஒழுக்கமும் உள்ளே பொய்யுமாக நடந்த அவ்வழக்கத்தை ஒழிக்கமாட்டாமையால், கழகங்களின் பொதுச்சங்கம் 1869-ஆம் ஆண்டு முதல் சம்பளம் பெறும் ஆட்டக்காரர்களை வெளிப்படையாக அனுமதித்தது. உடனே சின்சினாட்டிக் கழகம் பத்துப் பேரைச் சம்பளத்திற்கு அமர்த்தியது. ஹாரி ரைட்டுக்கு 1,200 டாலரும், அவருடைய இளவலும் இணையற்ற ஆட்டக்காரருமாகிய ஜார்ஜ் ரைட்டுக்கு 1,400 டாலரும் ஊதியமென ஏற்பட்டது. தமையனாரினும் தம்பியார் மிகுதியாகப் பெற்றமையைத் தலைவர் ஒரு குறைவாகக் கருதாமை நோக்கத்தக்கது. மற்றையோருள் தொப்பி செய்வாரும், பியானோ செய்வாரும், சலவைக்கல் தச்சரும் இருந்தனர். அப்பதின்மருள் சின்சினாட்டியிலேயே பிறந்தவர் ஒருவரேயாவர்.

இவர்களை ஒரு சேனைபோல் ஒழுங்குபடுத்தியதே ஹாரி ரைட்டின் பெருமை. ஆட்டத்திற்கு முன் நாடோறும் பயிற்சி செய்வித்தார். பந்து ஒருவர் கையைத் தப்பினால் அவருக்குப் பின்னின்று தடுப்பவர் இன்னாரென வரையறுத்தார். களத்தில் சைகைகளாற் கட்டளையிட்டார். விரைந்த பந்துகளுக்குப் பழகிய எதிரிகளை மெல்லிய பந்துகளை வீசித் திகைக்கச் செய்தார். குடியை விலக்கினார், நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கூச்சலிடுதலைக் கடிந்தார். பிரயாண ஏற்பாடு, கடிதப் போக்குவரவு, வரவு செலவுக் கணக்கு யாவும் அவர் கையிலேயே நடந்தன.

இதன் பயன் உடனே விளங்கிற்று. 1869-ஆம் ஆண்டில் அக்கழகம் சங்கத்தைச் சேர்ந்த கழகங்களோடு ஆடிய ஆட்டங்களில் 57 வெற்றிகள் பெற்றது. தோல்வி ஒன்றேனும் இல்லை. டிராய் நகரத்தாரோடு நடந்த ஓர் ஆட்டம் மட்டும் 17-க்கு 17 என்ற சமநிலையில், பிணக்கினால் நின்றுபோயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில்தான் அமெரிக்காவின் இருகரைகளையும் இணைக்கும் இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. அப்பாதை வழியே அவர்கள் மேல்கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ வரை சென்று ஆடினர். வாஷிங்டன் நகரில் ஜனாதிபதி கிராண்ட் அவர்களை வரவேற்றார். இவ்வளவு வெற்றிக்கும் பின்னர்ச் செலவு போகக் கழகத்தின் கணக்கில் எஞ்சியது 1 டாலர் 39 சென்டே என்று கூறுவர். புகழ் மலைபோற் குவிந்தது. பொருள் தினையளவே நின்றது.

தோல்வியிற் கண்ட மாண்பு

1870-ஆம் ஆண்டிலும் வெற்றிகள் தொடர்ந்தன. அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள் புரூக்ளின் நகரத்தில் அட்லாண்டிக் கழகத்தாரை எதிர்த்தனர். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் இரு கட்சிக்கும் ஐந்தைந்து ஓட்டங்கள். அட்லாண்டிக் கழகத்தார் சமநிலையே போதுமென்று களத்தை விட்டு நீங்கலாயினர். ஹாரி ரைட்டும் அதற்கு உடன்பட்டிருப்பின், தோல்வியறியாக் கழகம் என்னும் பெயர் அன்றைக்குத் தப்பியிருக்கும். அவரைக் குறை கூறுவாரும் இலர். ஆயினும் வெற்றியோ தோல்வியோ முடிவு கண்டே தீர்தல் வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். ஆட்டம் தொடர்ந்தது. பதினோராவது இன்னிங்ஸில் சின்சினாட்டிக் கழகத்தார் இரண்டு ஓட்டங்கள் எடுத்தனர். அட்லாண்டிக் கழகத்தாரோ மூன்று எடுத்து, 8-க்கு 7 என வென்றனர்.

கூலிக்கு ஆடுவோன் கூலியையே காப்பான் என்று கருதினோர்க்கு அந்நிகழ்ச்சி ஒரு பாடமாயிற்று என்பது நம் துணிபு. நற்பெயரைச் சேமித்து வைக்க வழியிருந்தும், ஆட்டத்தின் நெறிக்காக அதனைப் பணயம் வைத்தவர் சம்பளம் பெறும் ஆட்டக்காரரே யன்றோ?

தோல்விக்குப் பின் நகரத்தாரின் உற்சாகம் குன்றிற்று. சம்பளச் சுமையைத் தாங்கமாட்டாத கழகத்தார் அவ்வாண்டின் இறுதியில் ஆட்டக்காரர்களை விடுவித்தனர்.

பாஸ்டன் நகரத்துப் பெருவாழ்வு

ஹாரி ரைட் சோர்ந்திலர். 1871-இல் பாஸ்டன் நகரத்தில் அமைந்த புதிய கழகத்திற்குத் தலைமை பூண்டு, தம் இளவலையும் தோழர் சிலரையும் அழைத்துச் சென்றார். சிவப்புக் காலுறையார் என்னும் பெயரும் அவர்களோடு சென்றது. ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்னும் சிறந்த பந்து வீச்சாளரும் அவரோடு சேர்ந்தார். தொழிற்கழகங்களுக்கென அவ்வாண்டு ஏற்பட்ட சங்கத்தின் போட்டிகளில் பாஸ்டன் கழகம் 1872 முதல் 1875 வரை நான்காண்டுகளும் முதன்மை பெற்றது. 1875-இல் மட்டும் 71 வெற்றிகளும் 8 தோல்விகளும் அதன் கணக்கு. 1874-இல் அவர் தம் கழகத்தையும் பிலடெல்பியா நகரத்து அத்லெட்டிக் கழகத்தையும் தாம் பிறந்த இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று பேஸ்பாலை ஆடிக்காட்டினார். ஆங்கிலேயர் அதனை விரும்பி ஏற்றிலர்; ஆயினும் அமெரிக்கர் பதினெண்மராக நின்று கிரிக்கெட்டும் ஆடித் தோல்வியின்றித் திரும்பினர்.

1876-இல் நேஷனல் லீக் என்னும் புதிய சங்கம் தோன்றிற்று. அவ்வமயம் ஸ்பால்டிங் முதலிய நால்வர் பாஸ்டனை நீத்துச் சிகாகோ சென்றனர். தூண்கள் நான்கும் பெயர்ந்த மண்டபம்போல் நின்ற கழகத்தை ஹாரி ரைட் மீண்டும் எடுத்து நிறுத்தி, 1877, 1878 ஆகிய இரண்டாண்டுகளிலும் முதன்மை பெறச் செய்தார்.

1877-ஆம் ஆண்டின் வெற்றியோடு ஒரு துயரமும் கலந்திருந்தது. அவ்வாண்டு முன்னணியில் நின்ற லூயிவில் கழகத்தார் திடீரெனத் தொடர்ந்து தோற்றனர். சூதாடிகளிடம் பணம் பெற்றுத் தோற்றமை பின்னர் வெளிப்பட, நால்வர் நிரந்தரமாக விலக்கப்பட்டனர். அவருள் ஒருவர் ஜிம் டெவ்லின் என்னும் சிறந்த பந்து வீச்சாளர். வறுமையால் வாடிய அவர், எவ்வகைச் சிறுதொழிலாயினும் தருமாறு ஹாரி ரைட்டுக்கே இரந்து கடிதம் எழுதினார். எதிர்க்கட்சித் தலைவரிடம் இரக்கத்தை எதிர்பார்த்து எழுதினாரெனின், ஹாரி ரைட்டின் பெருந்தன்மையை மாற்றாரும் அறிந்திருந்தனர் என்பது தெளிவு. எனினும் தடை நீங்கிற்றில்லை; டெவ்லின் 1883-இல் இறந்தார். பொருளுக்கு ஆடுதல் வேறு, பொருளுக்குத் தோற்றல் வேறு என்பதை அக்காலத்தார் இவ்விருவர் வாழ்க்கையையும் ஒப்பவைத்து உணர்ந்திருப்பர்.

இறுதி நாட்கள்

பின்னர் ஹாரி ரைட் பிராவிடன்ஸ் நகரத்துக் கழகத்தை இரண்டாண்டுகளும், 1884 முதல் 1893 வரை பிலடெல்பியாக் கழகத்தையும் நடத்தினார். முந்திய ஆண்டில் 17 ஆட்டங்களே வென்றிருந்த பிலடெல்பியாக் கழகம் 1887-இல் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தது. 1890-இல் கண்ணோயினால் சில காலம் பார்வையிழந்து வருந்தினார். தேறியபின் மீண்டும் பணியேற்றார். கழகப்பணி முடிந்ததும் லீக் சங்கத்தார் நடுவர்கட்கெல்லாம் தலைவராக அவரை நியமித்தனர். நடுவரை எஞ்ஞான்றும் மதித்து நடந்தவர்க்கு அது தக்க பதவியே. 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அட்லாண்டிக் சிட்டி நகரத்தில் அவர் உயிர் நீத்தார். மறு ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் பல நகரங்களில் அவர் பெயரால் ஆட்டங்கள் நடத்தி, நினைவுச் சின்னத்திற்குப் பொருள் திரட்டினர்.

அவர் விட்டுச்சென்றவை

பாஸ்டனில் அவர் தொடங்கிய கழகம் இன்றும் அழியவில்லை. பெயர்கள் பல மாறி, 1912-இல் பிரேவ்ஸ் எனப் பெயர் பெற்று, 1953-இல் மில்வாக்கிக்கும் 1966-இல் அட்லாண்டாவுக்கும் குடிபெயர்ந்தது. பாஸ்டனில் 1914-இலும், மில்வாக்கியில் 1957-இலும், அட்லாண்டாவில் 1995, 2021 ஆகிய ஆண்டுகளிலும் உலகத்தொடர் வெற்றியை அடைந்தது. அக்கழகம் பாஸ்டனை விட்டு நீங்கிய 1953-ஆம் ஆண்டிலேயே ஹாரி ரைட்டின் பெயர் கூப்பர்ஸ்டவுன் நகரத்துப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பெற்றது.

ஆயினும் அவ்வாட்டத்தின் வரலாற்றில் ஒரு மாசு உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. 1867-இலேயே கழகங்களின் பொதுச்சங்கம் கறுப்பு இனத்தாரைக் கொண்ட கழகங்களுக்கு இடமில்லையென விலக்கியது. பணம் பெறுவோர்க்கு ஈராண்டிற் றிறந்த கதவு, அவ்வினத்தார்க்கு ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் கழகத்தில் ஆடப்புகுந்த 1947 வரை பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது. ஹாரி ரைட்டின் வழிவந்த அப்பழைய கழகத்திலேயே 1954-இற் சேர்ந்த ஹாங்க் ஆரன் என்னும் கறுப்பு இன வீரர், 1974 ஏப்ரல் 8-ஆம் நாள் தமது 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் பழம்பெருங் கணக்கைக் கடந்தார். திறமைக்கு நிறமில்லை என்பதைக் காலம் அங்ஙனம் மெய்ப்பித்தது.

ஹாரி ரைட் பெருஞ்செல்வராகவில்லை, நாடாளவுமில்லை. ஒரு தொழிலின் உயர்வும் தாழ்வும் அதனைச் செய்வோனின் ஒழுக்கத்திலேயே உள்ளன என்பதை மட்டும் நிலைநாட்டினார். சமநிலை போதுமென்று பிறர் களம் நீங்கிய வேளையிலும் முடிவுவரை நின்றாடிய அவரது உள்ளம், விளையாட்டுக் களத்திலும் வெளியிலும் நமக்கு வழிகாட்டுவதாக.