பாலம் கட்டிய வணிகர்



மழைக்காலத்தில் வெள்ளம் சூழும் சடையங்குப்பத்தாருக்குப் பாலத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அதை அன்றே உணர்ந்தவர், சென்னையில் வாழ்ந்த அர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தச் செலவில் கட்டினார். புனித தோமையார் மலைக்குத் திருப்பயணிகள் ஏறப் படிகளும் அமைத்தார். அவற்றைப் பழுதுபார்க்கத் தனியே நிதியும் வைத்தார்.

1746-இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் குடியேறும்படி அவரை அழைத்தனர். அவர் மறுத்தார், சென்னையிலிருந்த உடைமைகளை இழந்தார். 1751-இல் இறந்து, வேப்பேரியில் அடக்கமானார்.

பழைய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. மலைப் படிகளிலோ திருப்பயணிகள் இன்றும் ஏறுகின்றனர். கட்டுவதோடு கடமை முடிவதில்லை. கட்டியதைக் காப்பதும் அறமே. யூபிலி கொண்டாடும் நாம் இதை நெஞ்சில் பதிப்போமாக!