இஷி

இஷி (பிறப்பு: ஏறத்தாழ 1861, இறப்பு: மார்ச் 25, 1916) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த யாகி என்னும் தொல்குடியின் கடைசி உறுப்பினராக அறியப்படுபவர். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மலைக்காடுகளில் மறைந்து கழித்த இவர், 1911 ஆம் ஆண்டில் தனியாக வெளியுலகுக்கு வந்தார். அதன் பின்னர் சான் பிரான்சிஸ்கோ நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். வில்லும் அம்பும் செய்வதிலும் அவற்றைக் கொண்டு வேட்டையாடுவதிலும் இவர் தேர்ந்தவர். இவரிடம் பயின்ற சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வழியாக இக்கலை 20 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மீண்டும் பரவியது.

பின்னணி

யாகி மக்கள், யானா என்னும் இனக்குழுவின் தென்பிரிவினர். லாசன் எரிமலையின் அடிவாரத்தில் மில் ஓடை, மான் ஓடை ஆகியவற்றின் பள்ளத்தாக்குகளில் இவர்கள் வாழ்ந்தனர். மான் வேட்டை, சால்மன் மீன்பிடி, கருவாலி மரக் கொட்டைகளைச் சேகரித்தல் ஆகியவை இவர்களது வாழ்க்கைக்கு ஆதாரமாக இருந்தன.

1848 இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்துப் பெருந்தொகையான குடியேறிகள் அங்கு வந்தனர். வேட்டை நிலங்களும் மீன்வளமும் அழிந்தன. குடியேறிகள் 1860களில் நடத்திய தொடர் தாக்குதல்களில் யாகி மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். தப்பிய சிலர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தனர். துப்பாக்கியின் ஓசை இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே ஓசையெழுப்பாத வில்லும் அம்பும் இவர்களுக்கு உணவு தேடும் கருவியாக மட்டுமன்றி, உயிர் காக்கும் வழியாகவும் இருந்தன.

1908 நவம்பரில் அணைக்கட்டுத் திட்டத்துக்காக வந்த நில அளவையாளர்கள் இவர்களது மறைவிடத்தைக் கண்டுபிடித்தனர். அங்கே இருந்த நான்கு பேரில் நடக்க இயலாத முதிய பெண் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஓடி ஒளிந்தனர். அப்பெண் இஷியின் தாய் எனக் கருதப்படுகிறது. வந்தவர்கள் முகாமில் இருந்த பொருட்களை எடுத்துச் சென்றுவிட்டனர். தாய் சில காலத்தில் இறந்தார். மற்ற இருவரும் அதன் பின் எவர் கண்ணிலும் படவில்லை. இஷி தனித்து விடப்பட்டார்.

வெளியுலகுக்கு வருதல்

ஆகஸ்ட் 29, 1911 அன்று ஒரோவில் நகரை அடுத்த இறைச்சிக் கொட்டில் ஒன்றின் அருகில் பசியால் மெலிந்த நிலையில் இவர் காணப்பட்டார். துக்கத்தின் அடையாளமாகத் தன் தலைமயிரைத் தீயால் பொசுக்கிக் குறைத்திருந்தார். உள்ளூர் அதிகாரி இவரைச் சிறைக்கூடத்தில் பாதுகாப்பாக வைத்தார். அங்கு வந்த மானிடவியலாளர் தாமஸ் வாட்டர்மேன், யானா மொழிச் சொற்பட்டியலில் இருந்து சொற்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். எதுவும் விளங்கவில்லை. இறுதியாகப் பைன் மரத்தைக் குறிக்கும் சொல்லைக் கூறியபடி கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டியபோதுதான் இவர் முகம் மலர்ந்தது.

யாகி வழக்கப்படி ஒருவர் தன் பெயரைத் தானே சொல்வதில்லை. சொல்லக்கூடிய உறவினர் எவரும் உயிருடன் இல்லாததால் இவரது உண்மைப் பெயர் அறியப்படாமலே போயிற்று. யானா மொழியில் மனிதன் எனப் பொருள்படும் இஷி என்ற பெயரை மானிடவியலாளர் ஆல்பிரட் குரோபர் இவருக்கு இட்டார்.

அருங்காட்சியகத்தில் வாழ்ந்த காலத்தில் இவர் உதவிப் பணியாளராகச் சம்பளம் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன்னிலையில் தீக்கடைந்தும் அம்புமுனை செய்தும் காட்டினார். 1911 முதல் 1914 வரை இவரது பாடல்களும் கதைகளும் 148 மெழுகு உருளைகளில் பதிவு செய்யப்பட்டன.

அம்பு செய்யும் முறை

அருங்காட்சியகத்தை ஒட்டியிருந்த மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சாக்ஸ்டன் போப் 1912 இல் இஷியுடன் நட்புக் கொண்டார். இஷி பயன்படுத்திய பொருட்களையும் அவற்றைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் போப் குறித்து வைத்தார். இக்குறிப்புகள் 1918 இல் வெளியாயின.

தண்டு: இஷி பல வகை மரங்களைப் பயன்படுத்தினாலும் ஹேசல் என்னும் குறுமரத்தின் நேரான கிளைகளையே விரும்பினார். விரல் பருமனுள்ள கிளைகளை வெட்டி, பட்டை சீவி, கட்டாகக் கட்டி உலர வைத்தார். கோணல்களை நெருப்புத் தணலின் மேல் சூடாக்கி நிமிர்த்தி, மணற்கற்களுக்கு இடையே தேய்த்து வழவழப்பாக்கினார். தேவைப்பட்டபோது தண்டின் முன்பகுதியில் துளையிட்டுக் கனமான கடின மரத்தாலான முன்தண்டைச் செருகி, தசைநாரால் சுற்றிக் கட்டினார். முன்பகுதி கனமாக இருந்தால் அம்பு தடுமாறாமல் செல்லும். முறிந்தாலும் முன்தண்டை மட்டும் மாற்றினால் போதும்.

இறகு: கழுகு, பருந்து, வாத்து முதலிய பல பறவைகளின் இறகுகளை இவர் பயன்படுத்தினார். ஓர் அம்புக்குரிய மூன்று இறகுகளையும் ஒரே பக்கத்துச் சிறகில் இருந்தே எடுத்தார். ஒரே பக்கச் சிறகின் இறகுகள் ஒரே திசையில் வளைந்திருப்பதால் அம்பு சீராகச் சுழன்று நேராகப் பறக்கும்.

முனை: இவர் பெரிதும் விரும்பியது எரிமலைக் கண்ணாடி ஆகும். வெள்ளையர் வீசியெறிந்த கண்ணாடிப் புட்டிகளின் துண்டுகளையும் பயன்படுத்தினார். உள்ளங்கையில் தோல்துண்டை வைத்து, அதன் மேல் கண்ணாடிச் சில்லைப் பிடித்து, மான்கொம்பு அல்லது இரும்பாலான கூர்முனையால் ஓரத்தை அழுத்திச் சிறு செதில்களாகப் பெயர்த்தார். நடுத்தர அளவுள்ள ஒரு முனையைச் செய்து முடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. முனையைச் சூடாக்கிய மரப்பிசினால் தண்டில் பதித்து, அடிப்பகுதியில் உள்ள வெட்டுகளின் வழியே தசைநாரால் இறுக்கிக் கட்டினார்.

வில்லும் வேட்டையும்

இவரது வில் ஜூனிப்பர் மரத்தால் ஆனது. ஏறத்தாழ 42 அங்குல நீளமுடையது. அதன் முதுகில் மானின் தசைநார்கள் சால்மன் மீன் தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டப்பட்டிருந்தன. வில்லை நிறுத்தி வைத்தால் அது களைத்து வலுவிழக்கும் என நம்பி, எப்போதும் கிடத்தியே வைத்தார். நாணைப் பெருவிரலால் இழுத்தார்.

குறுகிய வில்லும் இலகுவான அம்பும் கொண்ட இவரது முறையில் தொலைவில் இருந்து எய்வதற்கு இடமில்லை. விலங்கை நெருங்குவதே இவரது திறமையாக இருந்தது. வேட்டைக்கு முன் குளித்து உடல் மணத்தைப் போக்கினார். மீன் உண்பதையும் புகைப்பதையும் தவிர்த்தார். முயலின் அலறலைப் போல ஒலியெழுப்பி விலங்குகளை அருகில் வரச் செய்தார். பெரும்பாலும் இருபது கெச தூரத்துக்குள் இருந்து எய்தார். பெரிய இலக்குப் பலகைகளில் எய்யும் போட்டியில் இவர் சிறந்து விளங்கவில்லை. ஆனால் அணில், காடை போன்ற சிறிய உயிரினங்களைத் தவறாமல் வீழ்த்தினார்.

போப்பும் வில் வேட்டையும்

இஷியிடம் பயின்ற போப், ஆர்தர் யங் என்பவருடன் சேர்ந்து பல வேட்டைகளை மேற்கொண்டார். இவர்கள் ஆங்கிலேய முறை நீள்வில்லையும் எஃகுத் தகட்டாலான அகன்ற முனைகளையும் தேர்ந்தெடுத்தனர். எனினும் போப் இரு வகை முனைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தார். மான்தோலால் மூடி ஈரல் நிரப்பிய பெட்டியின் மீது எய்தபோது, எரிமலைக் கண்ணாடி முனை எஃகு முனையைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக ஊடுருவியது. அதன் ஓரத்தில் உள்ள நுண்ணிய பற்கள் தசையை அறுத்துச் செல்வதே காரணம். ஆனால் எலும்பில் பட்டால் அது எளிதில் உடைந்துவிடும்; எஃகு உடையாது. 1923 இல் போப் எழுதி வெளியிட்ட வில் வேட்டை நூல் இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. 1961 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வில் வேட்டைச் சங்கம் ஒன்று போப், யங் இருவரது பெயர்களையும் தாங்கியுள்ளது. இஷியின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

இறப்பு

நகர வாழ்வின் நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத இஷி காசநோயால் மார்ச் 25, 1916 அன்று அருங்காட்சியகத்திலேயே இறந்தார். உடலைக் கூறுபோடுவதற்கு நியூயார்க்கில் இருந்த குரோபர் கடிதம் மூலம் எதிர்ப்புத் தெரிவித்திருந்தும், பிணப் பரிசோதனை நடத்தப்பட்டு மூளை அகற்றப்பட்டது. உடல் வில், ஐந்து அம்புகள், கொட்டை மாவு, எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் ஆகியவற்றுடன் எரிக்கப்பட்டது. 1917 இல் மூளை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. கலிபோர்னியத் தொல்குடியினரின் முயற்சியால் 2000 ஆம் ஆண்டில் அது யானா வழித்தோன்றல்களைக் கொண்ட ரெடிங் ரஞ்சேரியா, பிட் ஆறு ஆகிய குடிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, சாம்பலுடன் வெளியிடப்படாத ஓரிடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அம்புமுனைகள் பற்றிய ஆய்வு

இஷி செய்த முனைகளை 1990களில் தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி ஆராய்ந்தார். நீண்ட அலகும் பக்கவாட்டு வெட்டும் கொண்ட அவை, யாகி வாழிடங்களில் கிடைத்த முனைகளைவிட அண்டைக் குடிகளான விண்டு, நோம்லாகி மக்களின் முனைகளையே ஒத்திருந்தன. அம்புமுனை செய்யும் முறையைச் சிறுவர்கள் ஆண் உறவினர்களிடம் கற்பது வழக்கம். எனவே இவர் கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவராகவோ அண்டைக் குடியினரிடம் பயின்றவராகவோ இருக்கலாம் என ஷாக்லி கருதினார். எண்ணிக்கை குறைந்த நிலையில் முன்னர் பகைமை கொண்டிருந்த குடிகள் ஒன்று கலந்திருக்கக்கூடும். தன் குடும்பத்தைப் பற்றி இவர் பேச மறுத்ததால், இவரது பிறப்பு பற்றிய சான்றாக இம்முனைகள் சிறப்பிடம் பெறுகின்றன.

நினைவு

1961 இல் தியோடோரா குரோபர் எழுதிய வாழ்க்கை வரலாறு இஷியை உலகறியச் செய்தது. யாகி மக்களின் தாயகமான மலைப்பகுதியில் ஒரு பாகம் 1984 இல் இஷி காட்டுப்பகுதி என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்டது. இவர் செய்த அம்புகளும் முனைகளும் பெர்க்லியில் உள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன.