வேதாளனைப் படைத்த லீ ஃபால்க்: 63 ஆண்டுகள் ஓயாத எழுதுகோல்

உடலோடு ஒட்டிய உடை அணிந்து தீயவர்களை எதிர்க்கும் சாகச நாயகர்கள் இன்று உலகத் திரையரங்குகளை ஆள்கின்றனர். அவர்களுள் முதன்மையானவனாகக் கருதப்படும் சூப்பர்மேன் தோன்றியது 1938ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே அத்தகைய உடையும் முகமூடியும் தரித்து அமெரிக்க நாளிதழ்களில் அடியெடுத்து வைத்தவன் ஃபேண்டம். தமிழ் வாசகர்கள் அவனை வேதாளன் என்றும் மாயாவி என்றும் அறிவர். அவனைப் படைத்தவர் லீ ஃபால்க்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று அவர் பிறந்தார். இயற்பெயர் லியோன் ஹாரிசன் கிராஸ். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாயின் மறுமணத்துக்குப் பின், மாற்றாந்தந்தையின் பெயரிலிருந்த ஃபால்க் என்ற சொல்லைத் தமதாக்கிக் கொண்டார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பின்னர் விளம்பர நிறுவனமொன்றில் வாசகங்கள் எழுதும் பணியில் சேர்ந்தார்.

படக்கதை மீதான ஆர்வம் மாணவப் பருவத்திலேயே அவரைப் பற்றியிருந்தது. மாண்ட்ரேக் என்னும் மாயவித்தைக்காரனை உருவாக்கி, தொடக்கப் படங்களைத் தாமே வரைந்து, நியூயார்க்கின் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்திடம் கொண்டு சென்றார். உலகம் சுற்றி வந்த அனுபவசாலி என்று அங்கு தம்மை அறிமுகப்படுத்திக் கொண்டார். உண்மையில் அதுவரை அவர் தம் சொந்த ஊரைத் தாண்டி அதிகம் பயணம் செய்ததில்லை. அந்தப் பொய்யை மெய்யாக்கவே பின்னாளில் நாடு நாடாகப் பயணம் மேற்கொண்டதாக அவரே கூறியதுண்டு. 1934ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று மாண்ட்ரேக் தொடர் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது 23. சித்திரப் பொறுப்பு விரைவில் ஃபில் டேவிஸ் கைக்குச் சென்றது. அதன்பின் ஃபால்க் கதையில் மட்டும் கவனம் செலுத்தினார்.

மாண்ட்ரேக்கின் வெற்றி அடுத்த வாய்ப்பைத் தந்தது. 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று ரே மூர் வரைந்த சித்திரங்களுடன் ஃபேண்டம் அறிமுகமானான். நகரத்துச் செல்வந்த இளைஞன் ஒருவனே இரவில் முகமூடி அணிகிறான் என்பது முதலில் வகுத்த திட்டம். தொடர் வெளிவந்து கொண்டிருக்கும்போதே ஃபால்க் மனம் மாறினார். நாயகனைக் காட்டுக்குக் கொண்டு சென்று, அவனுக்கு நானூறு ஆண்டு வரலாற்றைப் புனைந்தார்.

அந்த வரலாறே தொடரின் உயிர்நாடி. 1536ஆம் ஆண்டு கடற்கொள்ளையர்களால் தந்தையை இழந்து கரையொதுங்கிய ஒருவன், கொலையாளியின் மண்டையோட்டின் மீது சபதம் ஏற்கிறான். அவனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் பேரன் என அதே உடையும் முகமூடியும் கைமாறுகின்றன. அதை அறியாத மக்கள், சாவே இல்லாத ஒருவன் காட்டில் உலவுவதாக நம்புகின்றனர். வாசகர் காண்பது அந்த வரிசையில் 21ஆவது மனிதனை. அவனுக்கு அமானுஷ்ய ஆற்றல் ஏதுமில்லை. அவனும் ஒருநாள் இறப்பான். கருவிழி தெரியாத அவனது கண்களுக்குக் கிரேக்கச் சிலைகள் முன்மாதிரியாயின. அவனது உடை சாம்பல் நிறமாகவே ஃபால்க்கின் மனத்தில் இருந்தது. 1939இல் வண்ண ஞாயிறு பக்கம் தொடங்கியபோது அது ஊதா நிறத்தில் அச்சேறி, அப்படியே நிலைத்துவிட்டது.

படக்கதை அவருக்குப் புகழையும் வருவாயையும் ஈட்டித் தந்தது. நெஞ்சுக்கு நெருக்கமானதாக இருந்ததோ நாடக மேடை. சொந்தமாக அரங்குகளை நடத்திய அவர், ஏறத்தாழ 300 நாடகங்களைத் தயாரித்தார். சுமார் 100 நாடகங்களை இயக்கினார். மார்லன் பிராண்டோ, பால் நியூமன், சார்ல்டன் ஹெஸ்டன் உள்ளிட்டோர் அவரது மேடைகளில் நடித்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகத்தில் வானொலிப் பிரிவில் பணியாற்றினார். இத்தனை பணிகளுக்கு இடையிலும் இரு தொடர்களின் கதையும் தடையின்றி வந்துகொண்டிருந்தது. 1970களில் ஃபேண்டம் கதைகள் மலிவு விலை நாவல்களாக வெளிவந்தபோது அவற்றுள் சிலவற்றையும் அவரே எழுதினார்.

இந்தியாவில் வேதாளன் முதலில் ஆங்கில வார இதழான இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி வழியாக அறிமுகமானான். 1964ஆம் ஆண்டு மார்ச் மாதம் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது, முதல் 32 இதழ்களும் அவனது கதைகளாகவே அமைந்தன. பின்னாளில் அமர் சித்திரக் கதையை நிறுவிய அனந்த் பாய்க்கும் அந்தத் தொடக்க முயற்சியில் பங்குண்டு. ஆங்கிலத்துடன் பல இந்திய மொழிகளிலும் வந்த அவ்விதழ் 1990 வரை நீடித்தது. வங்காளிகளுக்கு அவன் அரண்யதேவ் ஆனான். தமிழில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும், அதற்குப் பின் ராணி காமிக்ஸும் அவனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

ஆனால் இந்த வரவேற்புக்குள் ஒரு முரண் இருந்தது. தொடக்கக் கதைகளில் வேதாளனின் நாடு ஆசியாவில், இந்தியாவை ஒட்டியதாகவே சித்திரிக்கப்பட்டது. அவனது பரம்பரைப் பகைவர்களான கொள்ளையர்கள் சிங் என்ற பெயர் தாங்கியிருந்தனர். இந்திரஜால் அதைச் சிங்கா என்றும், பங்கல்லா என்ற நாட்டின் பெயரை டெங்காலி என்றும் மாற்றியே அச்சிட்டது. காட்டுமக்கள் வெள்ளையன் ஒருவனை அழிவற்றவனாகப் போற்றுவது காலனியாதிக்கக் கண்ணோட்டம் என்ற விமர்சனம் இன்றளவும் தொடர்கிறது. மாண்ட்ரேக்கின் நண்பனான ஆப்பிரிக்க இளவரசன் லோதரும் தொடக்கத்தில் சிறுத்தைத்தோல் உடுத்தி, கொச்சை ஆங்கிலம் பேசும் ஏவலாளாகவே காட்டப்பட்டான்.

தாம் படைத்ததைத் தாமே திருத்தும் அளவுக்கு நீண்ட காலம் எழுதியது ஃபால்க்கின் வாழ்வில் அமைந்த அரிய பேறு. வேதாளனின் நாடு காலப்போக்கில் ஆப்பிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. ஆப்பிரிக்க நாடுகள் அடுத்தடுத்து விடுதலை பெற்ற 1960களில் பங்கல்லாவும் குடியரசாயிற்று. மருத்துவரான லமண்டா லுவாகா என்னும் கறுப்பினத் தலைவர் மக்களால் அதன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965இல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் சித்திரப் பொறுப்பேற்ற பின், லோதர் தோலாடையைக் களைந்தான். செம்மையான மொழி பேசினான். மாண்ட்ரேக்குக்கு நிகரான தோழனாக உயர்ந்தான். அடிப்படைக் கற்பனையின் குறை இவற்றால் முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனினும், இருபது வயதுகளில் எழுதியதை ஐம்பது வயதைக் கடந்து மாற்றி எழுத அவர் தயங்கவில்லை.

ஓவியர்கள் மாறினர், எழுத்தாளர் மாறவில்லை. ரே மூர், வில்சன் மெக்காய், சை பாரி எனச் சித்திரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து சென்றபோதும் கதை ஃபால்க்கிடமே இருந்தது. 1977இல் வேதாளனுக்கும் அவனது நெடுநாள் காதலி டயானாவுக்கும் திருமணம் செய்து வைத்தார். பின்னர் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் வழியே 22ஆவது வேதாளனுக்கும் வழி வகுத்தார். ஆஸ்திரேலியாவில் 1948 முதலும் சுவீடனில் 1950 முதலும் வேதாளனுக்கெனத் தனி இதழ்கள் வெளிவருகின்றன.

இறுதி நாட்களில் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தபோதும், சுவாசக் கருவியை அகற்றிவிட்டுக் கதையைச் சொல்லி எழுதவைத்தார் என்று கூறப்படுகிறது. 1999ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று நியூயார்க்கில், தமது 87ஆம் வயதில் லீ ஃபால்க் காலமானார். அவர் விட்டுச் சென்ற கதையை மனைவி எலிசபெத் நிறைவு செய்தார். அதன்பின் தொடர் வேறு எழுத்தாளர்களின் கைக்குச் சென்றது. முகமூடி அடுத்தவருக்குக் கைமாறும் என்று 1936இல் அவர் எழுதிய விதி, அவரது எழுதுகோலுக்கும் பொருந்திவிட்டது.