கூறுகளை எண்ணிய அறிஞர்

நாஞ்சில் நாட்டுப் புத்தளத்து உப்பளங்களில், பாத்தியிற் பாய்ச்சிய கடல்நீர் வெயிலில் வற்றுங்கால் உப்புத் திரளும். நீர் ஆவியாகும், கரைசல் எஞ்சும், உப்புப் படியும். திண்மமும் நீர்மமும் ஆவியும் ஒருங்கு நிற்கும் இத்தகைய அமைப்புகளுக்குப் பொதுவானதொரு விதி உண்டு. அதனைக் கண்டவர் ஜோசையா வில்லர்டு கிப்ஸ் என்பார்.

இவர் 1839 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11 ஆம் நாள் அமெரிக்க நாட்டு நியூ ஹேவன் நகரில் தோன்றினார். இவர்தம் தந்தையார் யேல் கல்லூரிப் பேராசிரியர். அங்கேயே பயின்ற கிப்ஸ், 1863 இல் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிஸ், பெர்லின், ஹைடல்பர்க் நகரங்களில் மூன்றாண்டுகள் கற்று, 1869 இல் தாயகம் மீண்டார். 1871 இல் யேலில் கணித இயற்பியற் பேராசிரியரானார். ஆயினும் ஒன்பது ஆண்டுகள் அவர் ஊதியமின்றியே உழைத்தார். மணம் புரியாது, சகோதரியின் குடும்பத்தோடு எளிய வாழ்வு வாழ்ந்தார்.

அந்நாட்களிலேதான், 1875 முதல் 1878 வரை, அவர்தம் பெருங்கட்டுரை வெளிவந்தது. அதில் அமைந்ததே நிலைமை விதி. ஒரு தொகுதியின் கூறுகளோடு இரண்டைக் கூட்டி, அதிலுள்ள நிலைமைகளின் எண்ணிக்கையைக் கழித்தால், வெப்பநிலை, அழுத்தம், இயைபு ஆகியவற்றுள் நம் விருப்பம்போல் மாற்றத்தக்கவை எத்தனை என்பது விளங்கும்.

கூறுகளை எண்ணுவதிலேயே நுட்பம் உள்ளது. காணும் பொருள்களையெல்லாம் எண்ணலாகாது. எல்லா நிலைமைகளின் இயைபையும் குறிக்கப் போதுமான மிகச் சில பொருள்களையே எண்ணல் வேண்டும். காற்று நீக்கி மூடிய கலத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால், கல்லும் சுட்ட சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்ந்து நிற்கும். பொருள்கள் மூன்று, ஆயினும் பின்னைய இரண்டும் கூடினால் கல்லாகுமாதலின், கூறுகள் இரண்டே. நிலைமைகளோ மூன்று. எனவே கணக்கில் எஞ்சுவது ஒன்று. வெப்பநிலையை நாம் குறித்துவிட்டால், வாயுவின் அழுத்தம் தானே அமைந்துவிடும். அத்தகைய கலத்தில் தூய உப்பும் அதன் தெவிட்டிய கரைசலும் நீராவியும் இருப்பினும் கணக்கு இதுவே.

இக்கட்டுரையை அன்று கற்றுணர்ந்தோர் மிகச் சிலர். ஸ்காட்லாந்து அறிஞர் மாக்ஸ்வெல் அவருள் ஒருவர். பின்னர் ஆலந்து நாட்டு ரூஸ்பூம், நிலைமை விதியைப் பல சோதனைகளிற் பயன்படுத்திக் காட்டினார். 1892 இல் ஆஸ்ட்வால்டு அக்கட்டுரையை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

1880 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மிகுந்த ஊதியம் தருவதாக அழைத்தது. அப்போது யேல் குறைந்ததொரு தொகையை அளிக்க முன்வந்தது. கிப்ஸ் அதனையே ஏற்று யேலில் தங்கினார். இலண்டன் அரச கழகத்தின் காப்ளி பதக்கம் 1901 இல் அவரை அடைந்தது. 1903 ஏப்ரல் 28 ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஊதியத்தையும் புகழையும் எதிர்பாராது உண்மையொன்றையே நாடிய அப்பெரியாரின் வாழ்வு, மாணவர் உள்ளத்தில் நிறுத்தத்தக்கது.