பேச்சுமொழிக்கு இலக்கணம் கண்ட ஆசிரியர்

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கல்வி என்பது இலத்தீன் கல்வியாகவே இருந்தது. வீட்டிலும் வீதியிலும் மக்கள் பேசிய மொழிகளுக்கு இலக்கணம் தேவையில்லை என்றே அறிஞர் பலரும் கருதினர். அக்கருத்தை மாற்ற முனைந்தவர் அந்தோனியோ தே நெப்ரிஹா.

தென்ஸ்பெயினில், செவில் நகருக்கு அருகிலுள்ள லெப்ரிஹா அவர் பிறந்த ஊர். பத்தொன்பதாம் வயதில் இத்தாலியின் பொலோனியா நகருக்குச் சென்று பயின்ற அவர், தாயகம் திரும்பிச் சாலமாங்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். மாணவர்கள் இலத்தீனில் தடுமாறுவதற்குப் பழைய பாடநூல்களே காரணம் என உணர்ந்து, 1481இல் புதிய இலத்தீன் பாடநூலை வெளியிட்டார். பின்னர், அரசி இசபெல்லாவின் விருப்பப்படி அந்நூலுக்குக் காஸ்டிலியம் எனப்படும் ஸ்பானிய மொழியில் விளக்கமும் எழுதிச் சேர்த்தார்.

1492ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் கொலம்பசு கடற்பயணம் தொடங்கினார். அதே மாதம் 18ஆம் நாள் நெப்ரிஹாவின் காஸ்டிலிய இலக்கணம் சாலமாங்காவில் அச்சேறியது. ஸ்பானிய மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அதுவே. ஐந்து பகுதிகள் கொண்ட அந்நூலின் இறுதிப் பகுதியை, அம்மொழியைப் புதிதாகக் கற்கும் பிறமொழியினருக்காகவே அவர் எழுதினார். தாய்மொழியாகப் பேசுவோர் தாமே அறிந்த சொல்வடிவங்கள், தொடக்க மாணவருக்கு அங்கே வரிசைப்படுத்தித் தரப்பட்டன.

இந்நூலால் என்ன பயன் என்று அரசியே முன்பு வினவியதுண்டு. வெல்லப்பட்ட மக்கள் வென்றவரின் மொழியைக் கற்க உதவும் என்பதும் அதற்குரிய விடைகளுள் ஒன்றாகக் கூறப்பட்டது. கல்விக்கென எழுந்த நூலின்மீது பேரரசின் நிழலும் படிந்திருந்தது.

வேதநூலின் சொற்களையும் இலக்கண அறிவால் ஆராய வேண்டும் என்ற கொள்கையினால் நெப்ரிஹா இடர்ப்பட்டார். சமய விசாரணைத் தலைவர் அவருடைய ஆய்வுக் குறிப்புகளைப் பறித்துக்கொண்டார். 1513இல் சாலமாங்காவில் அவர் நாடிய பேராசிரியர் பதவி, இளையவர் ஒருவருக்கு வழங்கப்பட்டது. கர்தினால் சிஸ்னேரோசு அவரை ஆதரித்து அல்காலாப் பல்கலைக்கழகத்தில் பணியளித்தார்.

எழுபது வயதைக் கடந்த பின்னும் அவர் எழுதுகோலை வைத்துவிடவில்லை. ஒலிப்பதுபோல் எழுத வேண்டும், எழுதியதுபோல் ஒலிக்க வேண்டும் என்னும் நெறியை விளக்கி, 1517இல் எழுத்திலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். 1522இல் அல்காலாவில் மறைந்தார்.

அவருடைய காஸ்டிலிய இலக்கணம் அவர் வாழ்நாளில் மறுபதிப்புக் காணவில்லை. அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. எனினும் அவர் வகுத்த நெறி நிலைத்தது. இன்று ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர், எழுத்துகளை அறிந்த சில நாள்களிலேயே சொற்களைப் பிழையின்றிப் படிக்க முடிகிறது. அவ்வெளிமையில் நெப்ரிஹாவின் உழைப்பும் கலந்துள்ளது.