யார் இந்த கரிவரதன்? வேகமான காரை எங்கே ஓட்டணும்னு காட்டிட்டுப் போன கோவைக்காரர்!

பி.எம்.டபிள்யூ எம்3 காம்பெடிஷன். பார்க்க குடும்பத்தோட போற 4 கதவு செடான் கார்தான். ஆனா 510 குதிரைத்திறன், 100 கி.மீ வேகத்தைத் தொட 3.9 நொடி போதும். சரி, கையில காசு இருக்கு, வாங்கியாச்சு. எங்கே ஓட்டுறது? பாளையங்கோட்டை - சீவலப்பேரி ரோட்டுலயா? டவுன் பஸ், டிராக்டர், ஆடு மாடு, சைக்கிளில் போற பள்ளிப் பிள்ளைகள்... அங்கே அந்த வேகம் யாரோ ஒருத்தர் உயிரோட விளையாடுறது.

இந்தக் கேள்விக்கு பல வருஷங்களுக்கு முன்னாடியே பதில் தேடியவர்தான் எஸ்.கரிவரதன்.

பணம் இருந்தது, டிராக் இல்லை

1954-ல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். வசதிக்குக் குறைவில்லை. ஆனா அவர் இளைஞராக இருந்த காலத்தில் இந்தியாவில் கார் என்றாலே அம்பாசடரும் ஃபியட்டும்தான். வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்ய வரி எக்கச்சக்கம். ரேஸ் ஓட்ட ஒழுங்கான டிராக்கும் இல்லை. சென்னை அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். கரிவரதனும் அங்கே ஓட்டியவர்தான்.

மாருதி இன்ஜினில் ரேஸ் கார்

அவர் மட்டும் வேகமா ஓட்டிட்டுப் போயிருந்தா, இன்னொரு பணக்கார ரேஸர்னு மறந்திருப்போம். அவர் செஞ்சது வேற. 1983 கடைசியில் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. அதோட 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜினை வெச்சு, ஒருத்தர் மட்டும் உட்காரும் ரேஸ் காரை 1980-களின் கடைசியில் உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி.

இதுல என்ன விசேஷம்? உதிரி பாகம் உள்ளூர்லயே கிடைக்கும். செலவு கம்மி. எல்லாருக்கும் ஒரே மாதிரி இன்ஜின் என்பதால, பணம் இல்ல, திறமைதான் ஜெயிக்கும்.

அந்தக் காரில் ரேஸைத் தொடங்கிய ஒரு கோவைப் பையன், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பெயர் நரேன் கார்த்திகேயன்.

பாதியில் முடிந்த பயணம்

நரேனின் அந்த உயரத்தை கரிவரதன் பார்க்கவில்லை. 1995 ஆகஸ்ட்டில், கோவையில் சிறிய ரக விமானம் விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார். அப்போ அவருக்கு வயசு 40-ஐ ஒட்டித்தான்.

பிறகு கோவை செட்டிபாளையத்தில் அமைந்த 2.1 கி.மீ ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: கரி மோட்டார் ஸ்பீட்வே.

இன்னைக்கு நமக்கு என்ன?

எதிரே வண்டி வராது. குறுக்கே ஆள் வர மாட்டாங்க. ஹெல்மெட் கட்டாயம். காரோட முழு பலத்தையும் பார்க்கணும்னா அதுக்கான இடம் இந்த மாதிரி டிராக்தான். நெல்லையிலிருந்து கோவைக்கு ஒரு ராத்திரி பயணம். 510 குதிரைத்திறன் கார் வாங்க முடிஞ்சவங்களுக்கு அந்த தூரம் ஒரு பெரிய விஷயமே இல்ல. சீவலப்பேரி ரோட்டுல சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்கு, நீங்க அங்க போய் ஓட்டுறது ரொம்பப் பெரிய விஷயம்.