தோற்ற ஆசானின் பெயரில் பரிசு

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். 1861-ம் ஆண்டு கனடாவில் பிறந்தார். 1870-ல் டைபாய்டு காய்ச்சலுக்குத் தாய், தந்தை இருவரையும் பறிகொடுத்தார். மாமன் வீட்டில் வளர்ந்தார்.

1890-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகருக்குச் சென்றார். அங்கே உடற்பயிற்சி ஆசிரியரானார். குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குள் ஆட ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. 1891 டிசம்பரில் 10 அடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளை மாட்டினார். 13 விதிகளை எழுதினார்.

பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். அவரது அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60-ல் தோற்றது. வெற்றியைவிட மாணவர்களின் உடல்நலமும் ஒழுக்கமுமே அவருக்குப் பெரிதாக இருந்தன. அவரிடம் பயின்ற பாக் ஆலன் பெரும் பயிற்சியாளராகப் புகழ் பெற்றார்.

நைஸ்மித் 1939-ல் காலமானார். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் சிறந்த பயிற்சியாளருக்கு 1987 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசு, தோல்வியே மிகுந்த அந்த ஆசானின் பெயரைத் தாங்கி நிற்கிறது.